ஒருசந்தி என்று நினைத்தேன்

வில்லியனூர்
17.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கல்யாணத்துக்கு வராதவன் எழுதுகிறேன். போனில் பேச வாய் வரவில்லை.

ஒடிசாவில் ரயில் பாதை வேலைக்குப் போன இடத்தில் மலேரியா. காய்ச்சல் விட்டுவிட்டது. ஈரலில் மிச்சக் கிருமி தங்காமலிருக்க இரண்டு வாரத்துக்கு மாத்திரை. நடுவில் நிறுத்தக் கூடாதாம். நிறுத்த மாட்டேன்.

தவக்காலம். ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கிறேன். அதனாலோ என்னவோ, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. சூடுதான். இளநீர் குடிக்கிறேன்.

உனக்குப் பையன் என்று கேள்விப்பட்டேன். உன் வீட்டுக்காரருக்கும் வணக்கம்.

தம்பி
லூர்து பிரகாஷ்


குருவிநத்தம்
19.3.2025

பிரகாஷ்,

மாத்திரையை நிறுத்து. இதைக் கொண்டுவருகிற என் வீட்டுக்காரரோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. அது சூடு இல்லை. உன் ரத்தம் உடைகிறது.

என் பிள்ளை பிறந்ததும் மஞ்சளாகிவிட்டான். சிவப்பணுவைக் காக்கிற ஒன்று பிறவியிலேயே குறைவாம். ஜி6பிடி என்று பெயர். அம்மா வழியில் வருமாம், ஆண்பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்குமாம். "சில மலேரியா மாத்திரை ஆவாது. தாய்மாமன் இருந்தா சொல்லிடும்மா" என்றார் டாக்டர். அன்றே உனக்கு போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

அந்தப் பெயரை டாக்டரிடம் சொல். ஒருசந்தி போதும். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மரிய சுகந்தி


வில்லியனூர்
30.3.2025

அன்பு அக்கா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ரத்தம் ஏற்றினார்கள். சிறுநீர் தெளிந்தது. இன்னும் விட்டிருந்தால் கிட்னி போயிருக்குமாம்.

அன்று வாசலில் அவரைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனேன். "இன்னா மச்சான், ஒருசந்தி இருந்தா கண்ணு மஞ்சளாவுமா? ஏறு வண்டில. சண்டைய வழில போட்டுக்கலாம்" என்றார். சண்டை போட எனக்கு மூச்சில்லை. அவர் முதுகில் சாய்ந்தபடி போனேன்.

மாமாவிடம் நன்றி சொல். எனக்கு நேரில் சொல்லத் தெரியாது.

ஞானஸ்நானம் எப்போது? நமக்குப் போட்ட வெள்ளைச் சட்டை அம்மா பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கொண்டுவரலாமா?

பிரகாஷ்


குருவிநத்தம்
3.4.2025

டேய் தம்பி,

கடிதத்தை அவரே வாங்கிப் படித்தார். 'மாமா' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். "இன்னா எழுத்து இது, கோழி கிளறினாப்ல" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஞானத்தகப்பன் நீதான். சாமியாரிடம் பெயர் கொடுத்தாயிற்று.

சட்டை மட்டும் புதிதாக எடு. அம்மா பெட்டி முழுக்க அந்துருண்டை. அந்த வாசமும் இந்த ரத்தத்துக்கு ஆகாதாம். பெட்டியை நீயும் திறக்காதே. உனக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுகந்தி