பூட்டியவரே திறக்க வேண்டும்

பிப்ரவரி 9

மெக்கானிக் அவர்களுக்கு,

கன்னியர் மடத்துச் சலவைக்கூடத்திலிருந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை எங்கள் பெரிய சலவை மெஷினைப் பழுது பார்க்க வந்தீர்கள். மின்பெட்டியில் சிவப்புப் பூட்டு ஒன்றைப் போட்டீர்கள். பாதி வேலையில் எழுந்து, கருவிப் பையைக்கூட மூடாமல், வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பூட்டு எங்களிடம் இருக்கிறது. சாவி உங்களிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் துணி மூட்டைகள் ஜன்னலை மறைத்துவிட்டன.

மதர் உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தார். நீங்கள் லீவில் இருப்பதாகச் சொல்லி வீட்டு முகவரியைத் தந்தார்கள். இங்கே சகோதரிகளுக்குத் தனியாகப் போன் கிடையாது, அதனால்தான் கடிதம். எல்லோரும் கையால் துவைக்கிறோம். நாங்கள் பொறுமைக்குப் பேர்போனவர்கள் என்று வெளியே நினைக்கிறார்கள். சமையல்கட்டுச் சகோதரி நேற்று உங்களைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சாவியைத் தபாலில் அனுப்புங்கள். போதும்.

சலவைக்கூடத்துச் சகோதரி


பிப்ரவரி 13

சிஸ்டர்,

தப்பு என்னுடையது. ஆனால் சாவி தபாலில் வராது.

அந்தப் பூட்டு எதற்கு என்று தெரியுமா? ஒருத்தன் மெஷினுக்குள் கையை விட்டிருக்கும்போது வெளியே யாராவது ஸ்விட்சைப் போட்டால் கை போய்விடும். அதனால் வேலை செய்கிறவன் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வான். பூட்டியவரே திறக்க வேண்டும். முதலாளி வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். பூட்டில் தொங்குகிற அட்டையில் இதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். படித்துப் பார்த்திருக்கலாம்.

டிரம்முக்குப் பின்னால் இருக்கும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் பாட்டுக்குத் திறந்து ஓட விட்டால் பெல்ட் உங்கள் அங்கியை இழுத்துக்கொள்ளும். வியாழக்கிழமை வருகிறேன். அதுவரை கையால் துவையுங்கள்.

சமையல்கட்டுச் சகோதரி சொன்னதைவிட மோசமாக என் அக்கா சொல்லியிருக்கிறாள்.

மெக்கானிக்


பிப்ரவரி 27

மெக்கானிக் அவர்களுக்கு,

மெஷின் ஓடுகிறது. சத்தம்கூடக் குறைந்துவிட்டது. நன்றி.

நீங்கள் வருவதற்கு முன்பு அட்டையைப் படித்தேன். வேலை செய்பவர்: மெக்கானிக். காரணம்: பேரிங். முடியும் நாள் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

இன்னொன்று. நான் ஆஸ்பத்திரியின் நீலக்கரை போட்ட படுக்கை விரிப்புகளை மடிக்கத் தொடங்கியதும் நீங்கள் எழுந்து மெஷினுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். பாதியில் எழுந்து போனீர்களே, அன்றைக்கும் அதே விரிப்புகளைத்தான் உங்கள் பக்கத்தில் கொட்டினோம். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்றால் பதில் எழுத வேண்டாம்.

சலவைக்கூடத்துச் சகோதரி


மார்ச் 11

சிஸ்டர்,

என் மனைவி அந்த ஆஸ்பத்திரியில்தான் இறந்தாள், போன மழைக்காலத்தில். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் விரிப்பின் நீலக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை இழை ஓடுகிறது என்றுகூடச் சொல்வேன். அவள் கடைசியாக எப்படிப் பார்த்தாள் என்று கேட்டால் தெரியாது.

வீட்டில் அவள் துணி அலமாரிக்கு வேலைப் பூட்டைப் போட்டு வைத்திருக்கிறேன். அட்டையும் தொங்குகிறது. அக்கா வந்து பார்த்தாள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். “பூட்டி வெச்சா உள்ளேருந்து வந்துடுவாளாடா?” என்றாள். “வரமாட்டா. ஆனா பூட்டலைன்னா நீ எல்லாத்தையும் எடுத்து யாருக்காவது குடுத்துடுவே” என்றேன். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவள்தான்.

எனக்காக வேண்டிக்கொள்வதாக மட்டும் எழுதாதீர்கள். எல்லோரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறார்கள்.

மெக்கானிக்


ஏப்ரல் 2

மெக்கானிக் அவர்களுக்கு,

வேண்டிக்கொள்வதாக எழுதமாட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. முகம் சரியாகத் தெரியாத ஒருவருக்கு எழுதுவது எளிதாக இருக்கிறது.

மண்டியிடுகிறேன். கண்ணை மூடுகிறேன். அந்தப் பக்கம் யாரும் கேட்பதாகத் தோன்றவில்லை. முன்பு தோன்றியது, பதினெட்டு வயதில் அதை நம்பித்தான் வீட்டை விட்டு வந்தேன். இப்போது ஜெபத்தின் நடுவே, மெஷின் இந்நேரம் அலசி முடித்திருக்கும் என்று நினைப்பு ஓடுகிறது. அக்டோபரில் என் இறுதி வார்த்தைப்பாடு. அதைச் சொல்லிவிட்டால் இந்த அங்கி ஆயுளுக்கும். மற்றச் சகோதரிகள் இப்போதே வாழ்த்துகிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.

உங்கள் மனைவியைப் பற்றி, இறந்ததைத் தவிர வேறு ஏதாவது எழுதுங்கள்.

உங்களுக்கு எழுதும் கடிதத்தை நான் ஒட்டித்தான் தருகிறேன், மதர் பிரிப்பதில்லை. எனக்கு வருவதை மட்டும் படித்துவிட்டுத் தருவார். “மெக்கானிக் மெஷினைப் பத்தி எழுதறது கொறைஞ்சிக்கிட்டே வருதே” என்றார். பார்த்து எழுதுங்கள்.

சலவைக்கூடத்துச் சகோதரி


ஏப்ரல் 15

சிஸ்டர்,

மெஷினைப் பற்றி: மாதம் ஒரு முறை பேரிங்குக்குக் கிரீஸ் வையுங்கள். மதர் திருப்தி அடையட்டும்.

என் மனைவி விசில் அடிப்பாள். ஒரு பாட்டையும் சரியாக அடித்ததில்லை. எனக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்திருந்தாள். “அவசரம் சாப்பிட்டாச்சா?”, “அவசரத்தோட சட்டை எங்கே?” வீட்டுக்கு வருகிறவர்கள் குழம்புவார்கள். நான் காபி ஆறுகிறவரை காத்திருந்ததே இல்லை, நாக்கைச் சுட்டுக்கொள்வேன், அவள் சிரிப்பாள். எழுதும்போதுதான் தெரிகிறது, இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

உங்கள் விஷயம். எனக்குக் கடவுளைப் பற்றி ஒன்றும் தெரியாது, கரண்டைப் பற்றித் தெரியும். ஒரு கம்பியில் டெஸ்டரை வைக்கிறேன், விளக்கு எரியவில்லை. உடனே கம்பியில் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டினால் நான் முட்டாள். டெஸ்டரே செத்திருக்கலாம். கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இன்னொரு கம்பியில் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே எரிந்தால் டெஸ்டர் நல்ல டெஸ்டர். எரியாவிட்டால் கோளாறு உங்கள் பக்கம். முதலில் அதைப் பாருங்கள், அக்டோபரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

மெக்கானிக்


ஜூன் 6

மெக்கானிக் அவர்களுக்கு,

நீண்ட நாள் எழுதவில்லை. நீங்கள் சொன்னதைச் செய்துகொண்டிருந்தேன்.

சமையல்கட்டுச் சகோதரிக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் விழித்து என்னைத் திட்டியபோது எனக்கு அழுகை வந்தது. அங்கே எரிந்தது. மழை பிடித்ததும் கொடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். அங்கேயும் எரிந்தது. கோயிலுக்குள் போனேன். இல்லை.

இன்னொரு இடமும் இருக்கிறது. தபால்காரர் சைக்கிள் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் துணி நழுவுகிறது. மதர் உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை வராந்தாவில் நிற்கிறேன், நிற்பது தெரியாதபடி.

டெஸ்டர் சாகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

சலவைக்கூடத்துச் சகோதரி


ஜூன் 10

எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று தெரியவில்லை. சகோதரி என்று எழுதக் கை வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வந்துவிடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டெஸ்ட் செய்தீர்கள், ரிசல்ட் வந்துவிட்டது. உங்கள் கடிதம் வரும் நாளில் நானும் வாசலில்தான் நிற்கிறேன், நிற்பது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அக்டோபர்வரை எதற்கு? சனிக்கிழமை காலையில் வேனை எடுத்துக்கொண்டு உங்கள் கேட்டுக்கு வருகிறேன். பெட்டி பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன். மதரிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன்.

மதர், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். படியுங்கள்.

மெக்கானிக்


ஜூன் 12

மெக்கானிக் அவர்களுக்கு,

மதர் படித்தார். மடித்து என் கையில் கொடுத்து, “இதுல மெஷினைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேம்மா” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வேன் வர வேண்டாம். வந்தால் கேட்டைத் திறக்க நான் வரமாட்டேன்.

முதலாளியே வந்து கேட்டாலும் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று எழுதியவர் நீங்கள். இங்கே நான் பதினெட்டு வயதில் போட்ட பூட்டு ஒன்று இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்திப் போட்டதில்லை. திறப்பதானாலும், அப்படியே விடுவதானாலும், நான் செய்ய வேண்டும். உள்ளே கையை விட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வெளியே நின்று ஸ்விட்சைப் போடுகிறீர்கள்.

அதோடு, உங்கள் வீட்டு அலமாரி இன்னும் பூட்டித்தானே இருக்கிறது? அதற்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலி போடுவீர்களா?

இனி எழுதாதீர்கள். நானும் எழுதமாட்டேன்.

சலவைக்கூடத்துச் சகோதரி


ஆகஸ்ட் 20

சிஸ்டர்,

எழுதாதீர்கள் என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

அந்தச் சனிக்கிழமை வேனை எடுக்கவில்லை. சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு அவள் வீட்டுத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். “என்னடா, யாராவது தொரத்துறாங்களா?” என்றாள். “நான்தான் ஒருத்தங்களைத் தொரத்திட்டேன்” என்றேன்.

வேலையில் இந்தத் தப்பை நான் செய்ததே இல்லை. அடுத்தவர் பூட்டில் கை வைத்தேன். மன்னியுங்கள். அக்டோபரில் வார்த்தைப்பாடு கொடுத்தால் நன்றாகக் கொடுங்கள், என்னால் அரைமனதாக வேண்டாம். பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க மறக்காதீர்கள்.

பதில் வேண்டாம்.

மெக்கானிக்


அக்டோபர் 25

மெக்கானிக் அவர்களுக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் வீட்டில் இருக்கிறேன். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. மெஷின் புதியது, எனக்கு இன்னும் பழகவில்லை.

செப்டம்பர் கடைசியில் மதரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். “அந்த மெக்கானிக்குக்காகவா?” என்று கேட்டார். “இல்ல மதர். அவர் யாருன்னே தெரியாம இருந்திருந்தாலும் என்னால அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது” என்றேன். “அப்ப போயிட்டு வா. அவருக்காகன்னு சொல்லியிருந்தா இன்னும் ஒரு வருஷம் இருன்னு சொல்லியிருப்பேன்” என்றார். உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை அப்போதுதான் தந்தார். முன்பே தந்திருந்தால் அது என்னை இழுத்திருக்கும் என்று நினைத்தாராம். அது பிரிக்காமலே இருந்தது.

சமையல்கட்டுச் சகோதரி என் பெட்டியில் ஒரு சோப்புக் கட்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கோயிலுக்குப் போகிறேன். கடைசி பெஞ்சு. இன்னும் எரியவில்லை. ஆனால் எரிந்ததாக நடிக்க வேண்டியதில்லை, அது போதும். முடி கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. அண்ணன் மகள், “அத்தை, உங்க தலை தேங்காய் மாதிரி இருக்கு” என்கிறாள்.

நான் இனி சிஸ்டர் இல்லை. வீட்டில் என்னைக் கட்டெறும்பு என்பார்கள். கறுப்பு, ஓயாத ஓட்டம், தொட்டால் கடி. அப்படியே எழுதலாம்.

என் பூட்டைக் கழற்றிவிட்டேன். உங்களுடையதைப் பற்றிக் கேட்கமாட்டேன். அவசரம் இல்லை.

கட்டெறும்பு


நவம்பர் 9

அன்புள்ள கட்டெறும்புக்கு,

ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்தேன். அக்காவைக் கூப்பிட்டேன், வந்தாள், ஆனால் பூட்டைத் தொடவில்லை, கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. துணிகள்தான். அவள் வாசனை இருக்கும் என்று இவ்வளவு நாள் காவல் காத்தேன். பூட்டி வைத்ததில் ஈர வாடை அடித்தது. நாள் முழுக்கத் துவைத்தேன். மெஷினில் போட மனம் வரவில்லை. கையால்தான். நீங்கள் எல்லோரும் அன்றைக்கு என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

காயப் போடும்போது நான் விசில் அடித்திருக்கிறேன், அக்கா சொல்லித்தான் தெரிந்தது. பாட்டு சரியாக வரவில்லையாம்.

காய்ந்த துணிகளை அக்கா எடுத்துப் போனாள். ஒரு சட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன். என் மனைவிக்குக் காய்ச்சலாக இருந்தபோது நான் தைத்துக் கொடுத்த பொத்தான் அதில் கோணலாக இருக்கிறது. அது இங்கேயே இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கவரில் ஒரு சாவி இருக்கிறது. சாவியைத் தபாலில் அனுப்பமாட்டேன் என்று எழுதியவன்தான் அனுப்புகிறேன். இது என் வீட்டு வாசல் சாவி. பூட்டியவரே திறக்க வேண்டும் என்ற விதி இந்தப் பூட்டுக்குக் கிடையாது. வந்து சேரும்போது நான் வேலையிலிருந்து திரும்பாமல் இருந்தால் வாசலில் நிற்க வேண்டாம்.

அலமாரியில் தொங்கிய அட்டையையும் வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ‘வரும் நாள்’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் நிரப்புங்கள். நிரப்பாமல் வைத்திருந்தாலும் சரி. இப்போதெல்லாம் காபியை ஆற வைத்துக் குடிக்கிறேன்.

இப்படிக்கு,
அவசரம் இல்லாமல்,
மெக்கானிக்