முப்பத்தொரு பேக்கேஜ் குறைகிறது

ஜூன் 2, திங்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து காலேஜ் வரை இன்றும் நின்றுகொண்டே பஸ் பயணம். போகட்டும், இன்னும் இரண்டு வாரம்தானே. பதினாறாம் தேதி கோயம்புத்தூரில் புது வேலை. மூன்று வருஷத்துக்குப் பிறகு என் கணவன் வெங்கட்டும் நானும் ஒரே வீட்டில்! காலேஜ் ஸ்டாக் பார்க்கிற அமிர்தசாமி சார் என் லேப் ஸ்டாக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் காலேஜ் என்னை விட்டுவிடும். ஐந்து நிமிஷ வேலை.

ஜூன் 3

ஐந்து நிமிஷமாம்! என்னைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சமர்த்து என்று பேர் வாங்குவதற்காக, லேப் கம்ப்யூட்டர்களின் லினக்ஸில் இருந்த இலவச மென்பொருள் பேக்கேஜ்களை ஒன்று விடாமல் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றியவள் நான்தான் – நாற்காலி, ஃபேன் வரிசைக்குக் கீழே. போன மாதம் லினக்ஸைப் புதுப்பித்தோம்; பழைய பேக்கேஜ்கள் சில அதோடு போய்விட்டன.

"முப்பத்தொண்ணு குறையுதேம்மா?"

"களஞ்சியத்துலேர்ந்து எடுத்துட்டாங்க சார்."

"எடுத்துட்டாங்களா? யாரு? கையெழுத்து வாங்கினீங்களா?"

ஜூன் 4

விளக்கினேன். களஞ்சியம் இருப்பது இணையத்தில், பழைய மென்பொருளைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் நீக்கிவிடுவார்கள், உலகம் முழுக்க இப்படித்தான் என்று. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பழசுதானே? கண்டெம் பண்ணிக் கழிச்சுடலாம்மா. மூணு பேர் கமிட்டி நேர்ல பாக்கணும். பொருளைக் கொண்டாங்க."

இல்லாததை எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவேன்? பெருமாளே.

ஜூன் 5

"அப்ப காணாமப் போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க."

வெங்கட்டிடம் போனில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "என்ன கலர்னு கேட்டா என்னடி சொல்லுவே?" வெச்சுட்டேன் போனை. இவனோட குடித்தனம் பண்ணத்தான் இத்தனை பாடா?

ஜூன் 6

போலீசுக்கெல்லாம் போக முடியாது. நாள் முழுக்க உட்கார்ந்து, எது எந்தத் தேதியில் போனது, ஏன் போனது என்று நீக்கல் குறிப்புகளைத் தோண்டிப் பட்டியல் எடுத்தேன். பார்த்தால், முப்பத்தொன்றையும் நீக்கியது ஒரே ஆள். பின்லாந்துக்காரர், சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர். வெட்கத்தை விட்டு மெயில் போட்டேன்: 'ஐயா, நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா? சீலும் வேண்டும்.'

ஜூன் 9

பதில் இல்லை. அழுகை அழுகையா வரது. ஒரு ரிஜிஸ்டருக்காக நான் இங்கேயே கிடக்கணுமா?

ஜூன் 11

வந்துவிட்டது! முப்பத்தொரு பெயரையும் வரிசையாக எழுதி, 'நான்தான் எடுத்தேன், மன்னிக்கவும். திருப்பித் தர வேண்டுமா?' என்று கையெழுத்து. பாவம், அவருக்கு ஏது சீல்? அவர் ஊர் மீன்பிடிச் சங்கத்தின் சீலைக் குத்தி ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கிறார். நடுவில் பெரிய மீன்.

ஜூன் 13, வெள்ளி

அமிர்தசாமி சார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மீனையும் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நல்ல மனுஷன்மா. எடுத்ததை எடுத்தேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. இருபத்தாறு வருஷமா ஸ்டாக் பாக்குறேன், இந்தக் காலேஜ்ல ஒருத்தர்கூட இப்படிக் குடுத்ததில்ல."

ஞாயிறு காலை ரயிலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.