டிரெய்லரில் பெருங்காய வாசனை

மார்ச் 8, 2025, சனி

டிரெய்லர் வந்தே விட்டது, டூர் போனால் உள்ளேயே தங்கிக்கொள்ளும் இழுவை வண்டி. காலையில் இவர் பக்கத்து ஊர் லிவர்மோர் போய் டிரக்கில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஒரு ரிட்டயர்டு தம்பதி வைத்திருந்தது, ஏழெட்டு வருஷப் பழசு. அதைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்த அழகு இருக்கிறதே, கல்யாணத்தன்று என்னைக்கூட இவர் இப்படிப் பார்க்கவில்லை. ஆபீசில் ‘கிரி’, வீட்டில் வெள்ளியங்கிரி, இன்றிலிருந்து டிரெய்லர் ஓனர்.

வேண்டாம் என்று ஆறு மாசம் சண்டை போட்டேன். ஹோட்டல் என்றால் படுக்கையை யாராவது மடிப்பார்கள், காபி யாராவது போடுவார்கள். இதில் இரண்டும் என் தலையில். ஆனால், “கயல் செப்டம்பர்ல சான் டியாகோ போயிருவா புள்ள. காலேஜ் போறதுக்குள்ள மூணு பேரும் நாலு தடவ எங்கியாச்சும் போலாம்”னு சொன்னார் பாருங்கள், அதில் விழுந்துவிட்டேன். ஒரே பெண். இனி நம்மோடு எங்கே வரப்போகிறாள்?

டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். கதவில் சந்தனம், குங்குமம். எதிர்வீட்டு அம்மாள் நாயைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். கயல் டிரக்குக்குள் குனிந்து ஒளிந்துகொண்டாள். சமையலறை இருக்கிறதென்றால் அது வீடுதான், பால் காய்ச்சாமல் விடமாட்டேன் என்றேன். காய்ச்சினேன். நன்றாகவே பொங்கியது. கட்டில், சோபா, குட்டி அடுப்பு எல்லாம் பொம்மை வீடு மாதிரி. பிடித்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

டிரைவ்வேயில் எலுமிச்சைக் கறை. தேய்த்தது யார்? நான்தான்.

ஏப்ரல் 5, சனி. டெல் வாலே ஏரி

முதல் பயணம். வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான், ஆனாலும் வேற்று கிரகம். ஏரிக்கரையில் மூன்று பேரும் நடந்தோம். கயல் போனை எடுக்கவே இல்லை. இதற்கே டிரெய்லருக்கு ஒரு கும்பிடு.

சாயங்காலம் ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்தது, பெருங்காயம் போட்டேன், அவ்வளவுதான் — அடுப்புக்குக் கீழே தரையோரம் ஒரு சின்னப் பெட்டி வீல் என்று கத்த ஆரம்பித்தது. பக்கத்து டிரெய்லர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜன்னல், கதவு எல்லாம் திறந்ததும் அடங்கியது. வீட்டில் என்றால் புகை அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டிவிட்டுத்தான் தாளிப்போம். எங்கள் பிளசன்டனில் அது இல்லாத தமிழ் வீடு உண்டா? இந்தப் பெட்டி கீழே, மூலையில் இருக்கிறது. எதை மாட்டுவது?

சாப்பிட்டு முடிந்ததும் வெளியே போய் சிலிண்டரை மூடிவிட்டு வந்தேன். சிலிண்டர் டிரெய்லரின் முன் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. “இங்க யாரு புள்ள தெனமும் மூடறாங்க?” என்று சிரித்தார். சிரிக்கட்டும். ஈரோட்டில் படுக்கும் முன் சிலிண்டரை மூடாத வீடு கிடையாது. இருபது வருஷமாக அமெரிக்காவில் குழாய் கேஸில் சமைத்து, மூட ஒன்றுமில்லாமல் கை ஏங்கிக் கிடந்தது. இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கப்போகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் சிலிண்டரைத் திறந்து உப்புமாவுக்குத் தாளித்தேன். மறுபடியும் அலறல். இவர் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து ஜட்ஜ் மாதிரி தீர்ப்பு சொன்னார்: “தாளிக்கறப்ப மட்டுந்தான் கத்துது. உன்ற பெருங்காயத்துக்குத்தான் அழுவுது. ஃபால்ஸ் அலாரம்.” சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவர் சொன்னால் எனக்கென்ன தெரியும்? ஒயரைப் பிடுங்கிவிட்டார். சத்தம் நின்றது. உப்புமாவை அமைதியாகச் சாப்பிட்டோம்.

மே 25, ஞாயிறு. சாண்டா க்ரூஸ் பக்கம்

லாங் வீக்கெண்ட். கடல், வெயில், கூட்டம். நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர.

மத்தியானம் கயல் உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அம்மா! யுவர் ஹிங். இட்ஸ் இன் மை ஹூடி” என்றாள். அவளுக்குப் பெருங்காயம் என்றால் ஹிங்; மேல்சட்டையெல்லாம் அதே நாற்றமாம். எனக்கும் வந்தது அந்த வாசனை. டப்பாவுக்குள் டப்பா, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர் என்று மூன்று சுற்று சுற்றித்தான் வைத்திருக்கிறேன், எப்படி வெளியே வருகிறது? இவரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. கோவிட் வந்து போனதிலிருந்து இவர் மூக்கு மூக்கில்லை. திரிந்த பாலில் காபி போட்டுக் கொடுத்தாலும் குடிப்பார். என் மூக்கோ நேரெதிர். நான் வேலை பார்க்கும் டேகேரில் ஒரு அறை நிறையப் பிள்ளைகள் இருந்தாலும் யாருக்கு டயபர் மாற்ற வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன்.

பக்கத்து டிரெய்லர் வெள்ளைக்காரம்மா பேச வந்தாள். வாசற்படியில் ஏறியவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. உடனே சிரிப்பை ஒட்டிக்கொண்டு, வெளியிலேயே உட்காரலாமே என்றாள். எனக்கு அந்த ஒரு நொடி போதும். எத்தனை வருஷம் ஆனாலும் அது சுடத்தான் செய்கிறது. அவள் போனதும் கயல், “சீ? டோல்ட் யூ” என்றாள். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ஆகவில்லை.

டப்பாவைக் கொண்டுபோய் டிரக்கில் வீசினேன். சிலிண்டரை மூடினேன். யாரோடும் பேசவில்லை.

மே 26, திங்கள்

ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து சமாதானம் செய்தார். இந்த வயசில் ஐஸ்கிரீமுக்கு மயங்குகிறேன், வெட்கமாக இருக்கிறது. பிஸ்தா.

ஜூன் 20, வெள்ளி

நாளைக் காலை மெண்டசினோ பக்கம் போகிறோம். பேக்கிங் முடிந்தது. பெருங்காய டப்பா வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பாவும் பொண்ணும் பெருங்காயம் போடாத ரசத்தைக் குடித்துப் பார்க்கட்டும். அப்போது தெரியும்.

ஜூன் 21, சனி. மோட்டல் அறை

இன்னும் வெளிச்சம் போகவில்லை. நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் வந்து சேர்ந்தோம். ஜூன் மாசத்தில் என்ன குளிர்! பனிமூட்டம் கடலையே மறைத்துவிட்டது. இவர் சிலிண்டரைத் திறந்து ஹீட்டர் போட்டார். கடற்கரைக்கு நடந்து போகலாம் என்று கிளம்பினோம். நான் வழக்கம்போல சிலிண்டர் பக்கம் போனேன். “மூடாத புள்ள, ஹீட்டருக்கு கேஸ் வேணும். திரும்பி வாரப்ப உள்ள கதகதன்னு இருக்கும்” என்றார். நியாயமாகத்தான் இருந்தது. ஜன்னலெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டுப் போனோம்.

திரும்பி வரும்போது மூன்று பேரும் விறைத்துப்போயிருந்தோம். கயல் ஓடிப்போய் உள்ளே கீழ்க்கட்டிலில் விழுந்தாள். இவர் காபி போடுகிறேன் என்று அவள் பின்னாலேயே ஏறினார். ஷூவைத் தட்டிவிட்டுக் கடைசியாக நான் படியில் கால் வைத்தேன்.

அந்த வாசனை. கெட்டியாக. முகத்தில் அறைகிற மாதிரி.

சே, மறுபடியும் பெருங்காயமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்! உள்ளிருந்து கயலும் கத்தினாள்: “அம்மா, தி ஹிங்!” இவர் லைட்டரைக் கையில் எடுத்துவிட்டார். இன்னொரு கை அடுப்புக் குமிழில்.

டப்பா வீட்டில் அல்லவா இருக்கிறது?

“ஏனுங்க! பெருங்காயம் வீட்டுல இருக்குதுங்க!”

இதை நான் கத்தின விதத்தில் இவர் திரும்பிப் பார்த்தார். அசட்டுத்தனமாக லைட்டரைப் பிடித்துக்கொண்டு, “அதுக்கென்ன இப்ப?” என்றார். “கேஸுங்க! லைட்டரக் கீழ வைங்க! ஒண்ணையும் தொடாதீங்க! கயலு, எந்திரிச்சு வெளிய வாடி!” தொண்டை கிழிந்துவிட்டது. கயல் கட்டில் லைட்டைப் போடக் கையை நீட்டினாள். “தொடாதே”ன்னு போட்ட கத்தலில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் கதவை விரியத் திறந்துவிட்டு வந்தார். நான் ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். இந்தத் திருகல் மட்டும் கைக்குத் தானாக வந்தது. காற்று வரும் திசையில் வெகு தூரம் நடந்துபோய் நின்று போன் செய்தோம்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஒருவர் மீட்டரோடு உள்ளே போய்வந்தார். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் போய்த் தேங்கும், அதனால்தான் கேஸ் அலாரத்தைத் தரையோரம் வைத்திருக்கிறார்கள் என்றார். ஹீட்டர் தீ மூடின பெட்டிக்குள், வெளிக்காற்றை இழுத்து எரிவது, அதனால் தப்பித்தீர்கள் என்றார். உங்கள் அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார்.



கீழ்க்கட்டிலில், தரையோடு தரையாக, என் பிள்ளை படுத்திருந்தாள். லைட்டர் இவர் கையில். ஐயோ.

ஜூன் 22, ஞாயிறு

மோட்டலில் காலையில் எழுந்ததும் சண்டை. கத்தினேன், நன்றாகவே கத்தினேன். “சொல்ற வாய அடைச்சுப் போட்டு, பழிய என்ற பெருங்காயத்து மேல போட்டீங்களே!” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது சரியாத்தான் கத்தியிருக்குது தாமரை. நாந்தான் கேக்கல” என்றார். கயல் நடுவில் வந்து இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் அழுதோம். அதற்கப்புறம் பசித்தது. பான்கேக் சாப்பிட்டோம்.

ஜூன் 28, சனி

டிரெய்லர் ரிப்பேர் செய்கிற பெண்மணி வந்தாள். அடுப்புக்குப் பின்னால் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். சிலிண்டரைத் திறந்ததும் குமிழ் குமிழாக நுரைத்தது. ரோட்டில் குலுங்கிக் குலுங்கி லூசாகியிருக்கிறது. அலாரத்தின் முதுகில் தேதி போட்டிருக்கிறது, அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆயுள் முடிந்த பிறகும் பாவம், உயிரைக் கொடுத்துக் கத்தியிருக்கிறது.

இப்போதுதான் எல்லாம் புரிகிறது. தாளிக்கும்போது கத்தியது தாளிப்புக்காக இல்லை. சமைக்கத்தானே சிலிண்டரைத் திறக்கிறோம்! மீதி நேரமெல்லாம் நான் மூடி வைத்திருந்தேன். திறந்துவிட்டுப் போன ஒரே நாள் போன சனிக்கிழமை. அந்த வெள்ளைக்காரம்மா முகம் சுளித்ததும் என் சமையலுக்கு இல்லை. கேஸுக்கு வாசனை கிடையாதாம், கசிந்தால் தெரியட்டும் என்று அழுகல் நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்களாம். அது பெருங்காயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தால் நான் என்ன செய்வேன்?

ஜூலை 13, ஞாயிறு

விற்றுவிடலாமா என்று இவர் மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கயல், “நோ வே. ஒன் மோர் ட்ரிப்” என்றாள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 9, சனி

புதுக் குழாய், புது அலாரம். இவர் சோப்புத் தண்ணீர் பாட்டிலும் பிரஷ்ஷுமாக எல்லா இணைப்பையும் தடவித் தடவிப் பார்க்கிறார். முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். “நீ வந்து மோந்து பாரு. என்ற மூக்க நம்ப முடியாது.” மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. திருமணமாகி இத்தனை வருஷத்தில் என் மூக்குக்குக் கிடைத்த முதல் மரியாதை.

ஆகஸ்ட் 30, சனி. டெல் வாலே ஏரி

கயல் போவதற்கு முன் கடைசிப் பயணம். அதே ஏரி, அதே வெயில். இரண்டு பேரும் டிரெய்லரில் ஏறாமல் வாசலில் நின்றார்கள். என்ன என்றேன். “அம்மா ஃபர்ஸ்ட்” என்றாள் கயல். நான் ஏறி, மூச்சை இழுத்துப் பார்த்து, வாங்க என்ற பிறகுதான் ஏறினார்கள். இனி எப்போதும் இப்படித்தானாம்.

சமைக்க ஆரம்பித்தபோது பார்க்கிறேன், மசாலாப் பெட்டியில் பெருங்காய டப்பா உட்கார்ந்திருக்கிறது. நான் எடுத்து வைக்கவில்லை. கயலைப் பார்த்தேன், அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. மிளகாய், கறிவேப்பிலை. பெருங்காயத்தை வேண்டுமென்றே இன்னொரு சிட்டிகை கூடப் போட்டேன். மூன்று பேரும் குனிந்து, தரையோரம் இருந்த அந்தப் புதுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சை விளக்கு. பச்சை விளக்கு மட்டும்தான். டிரெய்லர் முழுக்க வாசனை, அது மூச்சுக்கூட விடவில்லை.

“பாவம்மா, பெருங்காயம்” என்றாள் கயல். தமிழில்.

ரசம் மிச்சமில்லை. சாப்பிட்டு முடித்ததும் இவர், யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, “மூடிட்டேன். நீ ஒருக்காப் பாத்துட்டு வந்துரு தாமரை” என்றார்.

போய்ப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் மூடியிருந்தார்.