கொம்பியில் நீ ஒட்டிய டேப்

அன்பு மகள் பெர்ரினுக்கு,

கைசேரியிலிருந்து உன் அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, மாத்திரை ஒரு வேளை தவறவில்லை. ப்ரேமெனில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், இந்த மூன்று நாள் கோபத்திலும் கேட்டேன், அதை முதலில் தெரிந்துகொள். போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், உன் குரலைக் கேட்டதும் நானும் இளகிவிடுவேன். இந்த முறை இளக எனக்கு மனமில்லை.

சமையலறைச் சுவரில் தொங்கி, குழாய்க்கு வெந்நீரும் அறை ரேடியேட்டர்களுக்குச் சூடும் தரும் அந்தக் கொம்பி மெஷினைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜனவரியில் நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அதன் குமிழின் மேல் பழுப்பு டேப் ஒட்டினாயே, நினைவிருக்கிறதா. "இதுல கை வைக்காதேம்மா, சுவிட்சை மட்டும் போடு, அணை. ரேடியேட்டர் ஓடினாத்தான் குழாய்ல வெந்நீர் வரும், இந்த மாடல் அப்படித்தான். ரேடியேட்டர் திருகை மூடினா உள்ள அழுத்தம் ஏறி வெடிச்சுடும்னு வீட்டுக்காரரே சொன்னாரு, வாடகை வீடு, நம்ம தலையில விழும்" என்றாய். நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? படித்த பெண் சொல்கிறாள் என்று தலையாட்டினேன். குளிர்காலம் முழுக்க எரித்தேன், அதில் குறை இல்லை. ஏப்ரல் முடிந்து வெயில் வந்த பிறகும் வெந்நீர் வேண்டுமென்றால் ரேடியேட்டரும் சேர்ந்து கொதித்தது. ஆகவே வாரம் இரண்டு முறை, குளிக்கும்போது மட்டும் சுவிட்சைப் போட்டேன், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு. மற்ற நேரம் தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளூ, ஐந்து வேளையும் பச்சைத் தண்ணீரில். மலையிலிருந்து வரும் நம் ஊர்த் தண்ணீர் மே மாதத்திலும் எலும்பைத் தொடும், உனக்குத் தெரியும். விரல் மூட்டெல்லாம் வீங்கி, அப்பா போட்ட மோதிரத்தைச் சோப்புத் தடவிக் கழற்றி வைத்தேன். உன்னிடம் போனில் சொன்னபோது என்ன சொன்னாய்? "அந்த மெஷின் அப்படித்தாம்மா, ஜன்னலைத் திற" என்று சொல்லிச் சிரித்தாய்.

போன வியாழன் பெண்கள் கூடும் முறை நம் வீட்டுக்கு வந்தது. ஒன்பது பேர். காலையிலிருந்து மாவுக்குள் கறி வைத்து மந்தி மடித்தேன், ஒரு கரண்டியில் நாற்பது அடங்கும் அளவுக்குப் பொடியாக, பார்த்துப் பார்த்து மடித்தேன். வெண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரம் பச்சைத் தண்ணீரில் போகுமா, கொம்பியைப் போட்டேன், வீடு நீராவிக் குளியல் ஹமாம் ஆகிவிட்டது. எல்லாரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், வில்தான் என்று பெயர், கை கழுவப் போனவள் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "பெரியம்மா, ஜூன் மாசத்துல ஏன் பனிப் படத்துல வெச்சிருக்கீங்க? டேப்பை உரிச்சு குமிழைச் சூரியன் படத்துப் பக்கம் திருப்புங்க, ரேடியேட்டர் நின்னுடும், வெந்நீர் மட்டும் வரும். என் மாமியார் வீட்டுலயும் இதே கொம்பிதான்." பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கூடத்தில் கரண்டிச் சத்தம் அப்படியே நின்றது. மேல்வீட்டு ஹஜெர் தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது மகளே, என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நீ சொன்ன பொய் தெரியும், எனக்கும் அந்தச் சின்னப் பெண்ணுக்கும்தான் தெரியாது.

எல்லாரும் போன பிறகு ஹஜெரைப் பிடித்து நிறுத்தினேன். "என்னைக் கோவிக்காதேக்கா, பெர்ரின் என் கையைப் பிடிச்சு, மத்தவங்களும் வாய் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அம்மாவுக்கு சூரியன் பக்கம் தெரிஞ்சுட்டா குளிர்காலத்துலயும் அங்கயேதான் வெப்பா, மறுபடி நிமோனியா வரும், நான் மறுபடி ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்கார முடியாதுன்னு அழுதா" என்றாள். "உனக்கென்ன, என் கூரைதானே உன் தரை, குளிர்காலம் பூரா என் சூட்டுல காலை நீட்டிக்கிட்டு இருந்தே" என்றேன். அவளும் அழுதாள். நான் அழவில்லை. மறுநாள் வீட்டுக்காரர் ஜெமிலிடம் போனேன். அழுத்தம், வெடிப்பு எதையும் அந்த மனிதர் வாயால் சொன்னதே இல்லையாம். உருப்படாத மெஷினை என் தலையில் கட்டிவிட்டார் என்று அவரை ஐந்து மாதம் தெருவெல்லாம் ஏசியிருக்கிறேன், பெருநாளன்று இனிப்போடு வந்தவருக்குக் கதவைப் பாதிதான் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். உன் பொய்க்கு நான் கேட்டேன்.

போன வருடக் குளிரில் எரிவாயுச் செலவுக்குப் பயந்து ரேடியேட்டர் திருகையெல்லாம் மூடிவிட்டுக் கோட்டோடு உட்கார்ந்திருந்தது என் தப்புதான். நீ ஓடி வந்ததும், பதினோரு நாள் என் கட்டிலருகில் கிடந்ததும் நான் மறக்கவில்லை. ஆனால் "அம்மா, நீ செத்துப் போயிடுவியோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே. ஹஜெரிடம் அழுததை என் மடியில் அழுதிருந்தால் உனக்காக இரவும் பகலும் எரித்திருப்பேன். உன் பயத்தை அவளுக்குக் கொடுத்தாய், எனக்கு மெஷின் வெடிக்கும் என்ற பயத்தைக் கொடுத்தாய். அடுப்பில் கை வைக்கும் குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டுவது போல. நான் உன்னை வளர்த்தபோதுகூட அப்படிப் பூச்சாண்டி காட்டியதில்லை, தீ சுடும் என்றுதான் சொன்னேன்.

டேப்பை நானே உரித்துவிட்டேன். குமிழ் இப்போது சூரியன் பக்கம் இருக்கிறது, ரேடியேட்டர் ஜில்லென்று கிடக்கிறது, குழாயில் வெந்நீர் வருகிறது. மோதிரம் இன்னும் ஏறவில்லை. டேப்பை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்.

அல்லாஹ் உன்னையும் மருமகனையும் கண்ணேறு படாமல் காக்கட்டும், உங்கள் வீட்டில் சிரிப்புக் குறையாமல் இருக்கட்டும். வெறுங்காலோடு தரையில் நடக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இன்னும் ஒன்று. நவம்பர் வந்ததும் வழக்கம் போல் "ரேடியேட்டர் சூடா இருக்காம்மா" என்று போனில் கேட்பாய். இதுவரை நான் உன்னிடம் பொய் சொன்னதில்லை, கோட்டோடு உட்கார்ந்திருந்த வருடம்கூட "இல்லை, மூடிட்டேன்" என்றுதான் சொன்னேன். இந்த வருடம் "சூடா இருக்கு மகளே" என்பேன். நம்புவதா வேண்டாமா என்று அங்கே உட்கார்ந்து நீ யோசித்துக்கொள்.

உன் அம்மா,
ஷாதியே