அப்பா கொடுத்த பொம்மை

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

விலை உயர்ந்த போனாக வாங்கிக்கொள் என்றீர்கள். வேண்டாம் அப்பா. காரணத்தைப் போனில் சொன்னால் பதறுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் மீன் கிடங்கு சூப்பர்வைசரின் போன் என் நாலு மாதச் சம்பளத்தை விழுங்கும். நீங்கள் வாங்கித் தந்த போனை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இந்தப் பொம்மையக் குடுத்துதான் உங்கப்பா அனுப்பிவெச்சாரா?" என்று சிரித்தார். என்னைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். உங்களைச் சொன்னது நெஞ்சிலேயே கிடந்தது.

போன செவ்வாயன்று நாங்கள் இருவரும் குளிர் அறையில் பெட்டி எண்ணும்போது கதவு சிக்கிக்கொண்டது. அவர் கையில் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்த போன் குளிரில் அணைந்துவிட்டது. என் போன் சட்டைக்குள் கதகதப்பாக இருந்தது.

"சீக்கிரம் போனைக் குடும்மா."

"போனா? எங்கிட்ட எங்கப்பா குடுத்த பொம்மைதானே சார் இருக்கு?"

அவர் பல் கிடுகிடுத்தது. என் பல்லும்தான். ஆனாலும் நான் அசையவில்லை.

"தப்புத்தான்மா. உங்கப்பாவை இழுத்திருக்கக் கூடாது."

அவர் அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காவலாளியை அழைத்தேன். பத்தே நிமிடத்தில் திறந்துவிட்டார்கள், பயப்படாதீர்கள். அவர் போனில் படம் அழகாகத்தான் விழும், மறுக்கவில்லை.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள். நம் வீட்டுச் செய்தித்தாளில் சுற்றி அனுப்புங்கள், பழையதானாலும் படிப்பேன்.

சூப்பர்வைசரை எல்லார் முன்னாலும் அந்த மன்னிப்பைச் சொல்ல வைக்காததுதான் குறை. இதைச் சொல்லிச் சிரிக்க இங்கே எனக்கு ஆளில்லை. நீங்களும் அம்மாவும் சத்தமாகச் சிரியுங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்