விளிம்பிலிருந்து ஒரு மீட்டர்

2/9, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு வழக்கம்போல் ஈப்போ வானம் கறுத்துக் கொட்டியது. குடை மறந்தேன். பஸ் நிறுத்தத்தில் நனைந்த கோழி.

மூன்றாம் செமஸ்டர் பாதி தாண்டிவிட்டது. சிவில் டிப்ளோமாவில் இதுவரை கற்றவை:
– லெவல் கருவியின் முக்காலியில் தடுக்கி விழாமல் நடப்பது
– கான்கிரீட் கட்டியை ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் நசுக்கிப் பார்ப்பது
– கம்ப்யூட்டரில் கோடு போடுவது, அழிப்பது, மறுபடி போடுவது
– சேஃப்டி சப்பாத்து எந்தப் பஞ்சாபி சூட்டுக்கும் பொருந்தாது

அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு என்ன பாடம்மா?" தினமும் இந்தக் கேள்வி உண்டு. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். இருபது வருடம் எஸ்கவேட்டர் ஓட்டியவர். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு "ஆமா ஆமா, சைட்ல அப்படித்தான்" என்பார். இப்போது ஒரு தொழிற்சாலை கேட்டில் ஜாகா, இரவுக் காவல். அண்ணன் போன பிறகு மெஷினில் ஏறவே இல்லை.

13ஆம் தேதி சுரேன் அண்ணனுக்கு மூன்றாம் வருடப் படையல். அம்மா லிஸ்ட் எழுதச் சொன்னார். மட்டன், மீ கோரெங், கோக், வெற்றிலை, சூடம். கோக் டின்தான், போத்தல் இல்லை. அண்ணன் டின்தான் குடிக்கும்.

3/9, புதன்

வெயில். வகுப்பில் ஏர்கோன் வேலை செய்யவில்லை.

மண் பொறியியல். லெக்சரர் புவான் ரோஸ்னா. பாடம்: பள்ளம் தோண்டுதல். நோட்டில் உள்ளபடி:

ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் ஆள் இறங்கக் கூடாது.
தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிக் கொட்ட வேண்டும். பக்கத்தில் குவித்தால் அதன் கனமே சுவரைச் சாய்க்கும்.
மழை பெய்தால் சோதித்த பிறகே இறங்க வேண்டும்.
ஒருமுறை தோண்டி மூடிய இடம் பார்க்க மற்ற இடம் போலவே இருக்கும். பழைய பிடிப்பு இருக்காது.

கீழே படம். குழி, முட்டு, தள்ளி ஒரு மண்மேடு, நடுவில் அம்புக்குறி. படத்தை வரைந்து முடித்ததும் கை நின்றுவிட்டது.

பக்கத்தில் ஜெனி: "ஏய் தர்ஷினி, ஏன்லா முகம் இப்படி? பசியா?"

"ஆமாலா, பசி."

சுரேன் அண்ணன் செத்தது இப்படி ஒரு குழியில்தான். சுங்காய் பக்கம், பால்மரத் தோட்டத்தை அழித்து வீடு கட்டிய இடம். குழாய் பதிக்கும் வேலை. சுவர் சரிந்தது. இருபத்து நாலு வயது. யாரும் சொல்லாமல் தானாக இறங்கினான் என்று கம்பெனி பேப்பரில் இருக்கிறது. அம்மா அதை நம்பிவிட்டார். ஒவ்வொரு வருடமும் படத்துக்கு முன்னால் அழுதுகொண்டே திட்டுவார். "சொல் பேச்சு கேக்காத பய. கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பான்ல?"

அப்பா அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். துக்கம் என்று நினைத்தேன்.

அந்தக் குழியை வெட்டியது அப்பா. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இன்று வரை அதை நான் யோசித்ததில்லை.

சாயங்காலம்: "இன்னிக்கு என்ன பாடம்மா?"
"கான்கிரீட் பா."
"அது போன வாரமே சொன்னியே."
"இன்னும் முடியல."

பொத்தானைப் போட்டபடி ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

5/9, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம். வகுப்புக்குப் போகவில்லை. அம்மாவிடம் வயிற்றுவலி என்றேன்.

அண்ணன் கடைசியாக அனுப்பிய படம் போனில் இருக்கிறது. அன்று காலை எடுத்தது. குழிக்குப் பக்கத்தில் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கீழே எழுத்து: "அப்பா வெட்டுன குழி. நேர்த்தி பாரு." மூன்று வருடமாக இந்தப் படத்தில் அண்ணன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பல்லிடுக்கு, அந்த அழுக்குத் தொப்பி.

இன்று முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் காலடியில் குழாய் கிடக்கிறது. முந்நூறு மில்லிமீட்டர் குழாய், வாய் அகலம் ஒரு அடி. அதை அளவாக வைத்து ஸ்கேலால் திரையில் அளந்தேன். ஆழம் இரண்டு மீட்டருக்கு மேல். முட்டு ஒன்றும் இல்லை. மண்மேடு விளிம்பிலிருந்து ஒரு குழாய் அகலம்கூடத் தள்ளி இல்லை. மேட்டின் அடி ஈரமாக இருக்கிறது. முந்தின நாள் மழை.

அப்பா முன்பு பெருமையாகச் சொல்வார்: "மண்ண பக்கத்துலயே போட்டா மெஷின் கை பாதி திரும்புனா போதும். மூடுறதும் சீக்கிரம். தோட்டத்துச் செம்மண் அசையாதுலா. எங்க தாத்தா காலத்துல வெட்டுன கான் இன்னும் செவுரு மாதிரி நிக்குது." உண்மைதான். மழைநீர் ஓட வெட்டிய அந்தக் கான்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அண்ணன் நின்ற இடம் அப்படிப்பட்ட ஒரு பழைய கானை மூடிய இடம். அதையும் அப்பாவே சொல்லியிருக்கிறார், அதற்கு முந்தின நாள், சோறு சாப்பிடும்போது. வெண்ணெய் மாதிரி வெட்டுதுடா என்று.

அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தது.

ஸ்கேலைத் தூக்கிப் போட்டேன். அலமாரிக்கு அடியில் போய்விட்டது. எடுக்கவில்லை.

8/9, திங்கள்

லேப். வெளியே இடி.

ஒரே செம்மண், இரண்டு மாதிரி. ஒன்று நிலத்திலிருந்து கலைக்காமல் எடுத்தது. மற்றது உதிர்த்து மறுபடி அடைத்தது. நிறம் ஒன்று, எடை கிட்டத்தட்ட ஒன்று. பெட்டியில் வைத்து மேலே பளு ஏற்றி, பக்கவாட்டில் தள்ளினோம். முதலாவது வெகுநேரம் தாங்கியது. இரண்டாவது சட்டென்று போய்விட்டது. நான்தான் எண்களை எழுத வேண்டும். எழுத முடியவில்லை, தேம்பித் தேம்பி அழுகை.

ஜெனி பேனாவை வாங்கி மீதியை எழுதினாள். "மண்ணுக்கெல்லாம் அழுவாங்களா லா?" என்றாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேண்டீனில் மைலோ வாங்கித் தந்தாள். நல்லவள்.

அண்ணனுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? இதை யாரிடமும் கேட்க முடியாது.

11/9, வியாழன்

காலையில் மழை. எங்கள் சிலிபின் வட்டாரம் முழுக்க ஈர நாற்றம்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா இன்னும் திரும்பியிருக்கவில்லை. அப்பா மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் என் மண் பொறியியல் நோட்டு, குழிப் படம் உள்ள பக்கம். நான்தான் மேசையில் விட்டுப்போயிருக்கிறேன். அல்லது வேண்டுமென்றே விட்டேனா, தெரியவில்லை.

"இந்த மேடு எவ்ளோ தள்ளி இருக்கணும்?"
"ஒரு மீட்டர் பா."
"அடியில சொல்லு."
"மூணே கால்."

எங்கள் வீட்டுத் தரை, ஓர் அடிச் சதுரத் தளக்கல். அப்பா எழுந்து சுவரோரமாகப் போய், ஒன்று, இரண்டு, மூன்று என்று கல்லைக் காலால் எண்ணினார். மூன்று தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றார். சுவரைப் பார்த்தார். பிறகு பின்னால் வந்தார். முதல் கல்லில் நின்றார். அந்தக் கல்லிலும் பாதியில்.

"நான் இங்க கொட்டுனேன்."

நான் நோட்டை மூடினேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"
"போன புதன்."
"கான்கிரீட்டுன்னு சொன்னியே."

சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. நான் சொல்லவில்லை.

12/9, வெள்ளி

கோபம். கோபம் மட்டும். மண் விழுந்தது, சரி, தெரியாமல் நடந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் படித்தாரா இதை? எந்த முதலாளி அவருக்குச் சொல்லிக் கொடுத்தான்? அதற்காக அவரை நான் வெறுக்க முடியாது. ஆனால் மூன்று வருடம் அம்மா திட்டும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தாரே. செத்தவன் திரும்பப் பேச மாட்டான் என்றுதானே?

அம்மாவிடம் நான் சொல்லலாம். ஒன்பது நாளாக வாய் வரை வருகிறது. சொன்னால் அண்ணன் பழியிலிருந்து வெளியே வரும், அப்பா உள்ளே போவார். ஒருவரைத் தோண்டி எடுக்க இன்னொருவரைப் புதைக்க வேண்டும். நான் அதற்கா படித்தேன்?

சந்தையில் மட்டன் கிடைத்தது. கோக் டின் வாங்கியாயிற்று. சூடம் மறந்துவிட்டது, நாளை காலை.

13/9, சனி

வெயில். காற்றே இல்லை.

படையல். அண்ணன் படத்துக்கு மல்லிகை. இலையில் சோறு, மட்டன், மீ கோரெங். கோக் டின்னை நான்தான் உடைத்து வைத்தேன். நுரை வழிந்து இலையில் ஓடியது. வேறு யாரையும் கூப்பிடவில்லை. அம்மா, அப்பா, நான்.

அம்மா சூடத் தட்டைக் கையில் எடுத்தார். ஏற்றினார். காட்டும்போதே குரல் உடைந்துவிட்டது. "தடிப்பய. எத்தன தடவ சொல்லியிருக்கேன், பெரியவங்கள கேக்காம எதையும் செய்யாதேன்னு. சொல் பேச்சு கேட்டிருந்தா..."

அப்பா எழுந்தார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். கதவுப் பக்கம் போகவில்லை. படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"அவன் கேட்டான்லா."

அம்மா திரும்பினார்.

"மழ பேஞ்சிருக்கு, மேல மண்ணு நிக்குது, வேணாம்பான்னு சொன்னான். நான்தான், அஞ்சு நிமிசம்தான்டா, தோட்டத்து மண்ணு விழாது, எறங்குன்னேன். சொல் பேச்சு கேட்டான். எறங்குனான்."

அம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை. சூடம் எரிந்துகொண்டே இருந்தது. தட்டு சுட்டிருக்கும். நான் போய் வாங்கப் பார்த்தேன், விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன்.