ஓரத்தில் நிற்பவனின் முகம்

ஐப்பசி, வியாழக்கிழமை

காணாமல் போன பிள்ளைகளுக்காக வீதியில் அமர்ந்திருக்கும் தாய்மாரை வரைந்துகொண்டிருக்கிறேன். பாதி முடிந்த படத்தை இன்று ரிஸ்வானா அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் ஓவியர். தாய்மாரின் கைகள் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு ஓரத்தில் நிற்பவனைக் காட்டிக் கேட்டார்.

"இவன் ஆர்?"

"அவையளைப் போனில படமெடுக்க ஒவ்வொரு நாளும் வாற புலனாய்வுக்காரன்."

"முகத்தை அழிச்சுவிடுங்கோ தங்கச்சி. அச்சொட்டா வந்திருக்கு. ஆரெண்டு பாத்த உடனே விளங்கும்."

"அதுக்குத்தான் அக்கா கீறினனான்."

அவர் படத்தைத் துணியால் மூடி என் கையில் தந்தார்.

நான் வீடு வந்த பிறகு அக்கா தொலைபேசியில் அழைத்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"நீங்கள் போனாப்பிறகு ரெண்டு பேர் வந்து உங்களைப் பற்றி விசாரிச்சவை. கொஞ்ச நாளைக்கு இஞ்சால வராதேங்கோ."

வெள்ளை நிறத்தைக் குழைத்து வைத்திருக்கிறேன். முகத்தை இன்னும் அழிக்கவில்லை.